குழுவுக்கு 6 லட்சம் லோன் தர்றாங்களாம், எடுக்கலாமா? மாடா செக்கான்னு எங்களுக்குள்ளயே சண்டை

ஊக்குநர்_பேராவூரணி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பேராவூரணி பக்கம் ஒரு கிராமம், எங்க மகளிர் குழுவுக்கு நான்தான் ஊக்குநர். 12 பேரு, ஆளுக்கு மாசம் 200 சேமிப்பு, நாலு வருசம் ஆகப்போவுது, சேமிப்பு மட்டுமே ஒரு லட்சத்த தாண்டிருச்சு. பேங்க்ல மொத தடவ ஒன்றரை லட்சம் வாங்கி அடைச்சோம், அப்பறம் மூணு லட்சம், அதையும் ஒரு தவணை கூட தவறாம முடிச்சாச்சு. இப்ப மேனேஜரே கூப்புட்டு அடுத்து 6 லட்சம் வரைக்கும் தர்றோம் தீர்மானம் போட்டு எடுத்துட்டு வாங்கன்னு சொல்லிட்டாரு.

பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது. பாதிப்பேரு ஆளுக்கு 50,000 பிரிச்சுக் குடுத்துரு நாங்க மாடு வாங்கிக்கிறோம்ங்கறாங்க. மீதிப்பேரு சேந்து மரச்செக்கு போடலாம்ங்கறோம், ஏன்னா கஜா புயல்ல விழுந்த தோப்பெல்லாம் மறுபடி கன்னு வச்சு இப்பதான் நல்லா காய்ப்புக்கு வருது, காய் பூரா வெளியூரு வியாபாரி கைக்குத்தான் போவுது, எண்ணெய மட்டும் நாம கடையில பாக்கெட்டுல வாங்குறோம். இதுக்கு நடுவுல மூணு பேருக்கு வாரக்குழு ஃபைனான்ஸ்ல கடன் இருக்கு, மூணு பேருதும் சேத்து ஒரு லட்சத்து பத்தாயிரம் போல நிக்குது, அத வெளிய சொல்லாம இருந்தாங்க, இப்பதான் தெரிஞ்சுது. அந்த ஃபைனான்ஸ் தம்பி வேற வந்து "அக்கா பேங்க்குக்கு எதுக்கு அலையிறீங்க நாங்க ரெண்டு நாள்ல போட்டு விடுறோம்"ங்குது. கூட்டுறவு சொசைட்டில கேட்டா இங்கயும் குழுக்கடன் இருக்கு வாங்கங்கறாங்க. பஞ்சாயத்துல இருக்குற குழுவெல்லாம் சேந்த கூட்டமைப்புலயும் கொஞ்சம் குடுப்பாங்களாம்.

எங்க வாங்குறது, எதுக்கு வாங்குறது, மொதல்ல வாங்கணுமாங்கறதே கொழப்பமா இருக்கு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கணக்கு_அக்கா:

தங்கச்சி, நான் ஊராட்சி கூட்டமைப்புல கணக்கு எழுதுறவ, பல குழு நோட்ட பாத்தவ, அதனால நேரா விசயத்துக்கு வர்றேன்.

6 லட்சம் 7% வட்டின்னு யாராச்சும் சொல்லியிருந்தா அது முழுசா சரி கிடையாது. 3 லட்சம் வரைக்கும்தான் 7%. அதுக்கு மேல 5 லட்சம் வரைக்கும் பேங்க்கோட ஒரு வருச எம்.சி.எல்.ஆர். (பேங்க்கு தானே கணக்குப் போட்டு வைக்கிற அடிப்படை வட்டி) இல்லன்னா 10%, ரெண்டுல எது கம்மியோ அது. 5 லட்சத்த தாண்டுனா அந்த பேங்க் போடுற ரேட்டுதான். அதனால மேனேஜர்கிட்ட "எவ்வளவு வரைக்கும் என்ன வட்டி"ன்னு பேப்பர்ல எழுதி வாங்குங்க.

ரெண்டாவது, 10 லட்சம் வரைக்கும் குழுக்கடனுக்கு அடமானம் கிடையாது, டெபாசிட் போடு அப்பதான் லோன்னு சொல்லக்கூடாது, உங்க சேமிப்புக் கணக்க லாக் பண்ணவும் கூடாது. இது ரிசர்வ் பேங்க் விதி. எங்க பக்கம் ஒரு பேங்க்ல குழுவோட சேமிப்புலேருந்து 50,000த்த புடிச்சு எஃப்.டி. போட்டுட்டுத்தான் லோன் குடுத்தாங்க, கூட்டமைப்புலேருந்து லெட்டர் குடுத்த பெறகு விட்டாங்க. அதனால முன்னாடியே கேட்டுருங்க.

இப்ப அந்த மூணு பேரு விசயம். குழுக்கடன வாங்கி அவங்க ஃபைனான்ஸ் கடன அடைக்கிறத பலரும் தப்புன்னு பேசுவாங்க, நான் அப்படி நெனைக்கல. 50,000 ரூபாய வருசத்துக்கு 24%ல ரெண்டு வருசத்துல கட்டுனா வட்டி மட்டும் பதிமூணாயிரத்து சொச்சம், 7%ல அதே காசுக்கு மூவாயிரத்து எழுநூறு போல வரும். ஒம்பதாயிரத்துக்கு மேல கையில நிக்கிது, மாடு செத்தாலும் செக்கு நின்னாலும் இந்த லாபம் எங்கயும் போவாது. அதனால மொதல்ல அவங்க மூணு பேரு கடன அடைங்க. கூடுதல் வட்டிக் கடன இத வச்சு அடைக்கலாம்னு குழுக்கடன் வழிகாட்டுதல்லயே இருக்கு, ஒளிச்சு மறைச்சு செய்ய வேண்டியதில்ல. ஆனா 4 லட்சத்துக்கு மேல வாங்குனா 75% தொழிலுக்கு போவணும்னு சொல்லுது. 6 லட்சத்துல நாலரை லட்சம் தொழிலுக்கு, மீதி ஒன்றரை லட்சம் உங்க கையில, அந்த ஒரு லட்சத்து பத்தாயிரம் அதுக்குள்ள அடங்கிருது பாருங்க. நுண்கடன் திட்டத்துல, அதாவது யாருக்கு எதுக்கு எவ்வளவுன்னு குழு எழுதிக் குடுக்குற திட்டத்துல, வெளிப்படையா எழுதி தீர்மான நோட்டுல ஏத்துங்க, அடைச்ச ரசீத ஒட்டி வைங்க.

அந்த மூணு பேரையும் கூட்டத்துல வச்சு திட்டாதீங்க. ஏன் வாங்குனாங்கன்னு கேட்டா ஆஸ்பத்திரி, ஸ்கூல் பீஸுன்னுதான் வரும், நம்ம குழு உள்கடன் அந்த நேரத்துல கிடைக்கலன்னு அர்த்தம்.

வடகாடு_மச்சான்:

எல்லாரும் பேங்க்கு சொசைட்டின்னு பேசுறீங்க, நம்ம ஊரு பேங்க்க மறந்துட்டீங்களே. ஆடி பொறந்தா வடகாடு கீரமங்கலம் பேராவூரணி பூரா மொய் விருந்துதானய்யா. ஒரு பேப்பர் கிடையாது ஜாமீன் கிடையாது, கறிசோறு போட்டு ஒரே நாள்ல லட்சக்கணக்குல எடுத்துட்டுப் போயி போர் போட்டவன், லாரி வாங்குனவன், கடை வச்சவன்னு எத்தன பேரு. வட்டியும் இல்ல. உங்க குழுவுல இருக்குற வீட்டுலயே யாராச்சும் மொய் விருந்து வச்சிருப்பாங்க பாருங்க.

கணக்கு_அக்கா:

@வடகாடு_மச்சான் அண்ணே வட்டி இல்லைங்கறீங்க, அடுத்தவன் நமக்கு ஆயிரம் போட்டா நாம திருப்பி போடுறப்ப ஆயிரத்தோட புதுசா ஒரு ஐநூறோ ஆயிரமோ சேத்துல்ல போடணும். அந்த புது மொய் நமக்கு திரும்பி வர்ற வரைக்கும் அஞ்சு வருசம் காத்திருக்கணும். நடுவுல வருசா வருசம் ஆடி ஆவணில ஊர் பூரா மொய் செய்ய எத்தன வீட்டுல தோடு அடகுக்கு போவுதுன்னு உங்களுக்கு தெரியாதா.

வடகாடு_மச்சான்:

அது உண்மதான். கஜா அடிச்ச அடுத்தடுத்த வருசம் வசூல் படுத்துருச்சு, குடுத்து வச்சவன் பூரா முழிச்சான், ஊர் மொத்தமும் ஒரே நேரத்துல அடி வாங்குனா யாருகிட்ட போயி வசூல் பண்றது. ஆனாலும் ஒன்னு சொல்றேன், மொய் நோட்ட எடுத்துட்டு கோர்ட்டுக்கு யாரும் போறதில்ல, வாங்குனவன் திருப்பி செஞ்சுருவான், பேங்க்காரனுக்கு அந்த தைரியம் வருமா. மத்தபடி தோடு அடகு விசயத்துக்கு என்கிட்ட பதில் இல்ல தாயி.

ஓய்வு_செயலாளர்:

நான் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துல செயலாளரா இருந்து ஓய்வு பெற்றவன். சொசைட்டி பக்கம் பேச ஒரு ஆளு வேணும்ல, அதனால எழுதுறேன்.

ஊர்க்காரனே பங்கு போட்டு ஊர்க்காரனுக்கே கடன் குடுக்குறதுங்கறது நம்ம நாட்டுல சட்டமா வந்தது 1904ல. அதே வருசம் திருவள்ளூர் பக்கம் திரூர்ல சங்கம் பதிவாச்சு, இந்தியாவுலயே ஆரம்பகால சங்கங்கள்ல ஒன்னு அது. அதுக்கு முன்னாடி மெட்ராஸ் மாகாணத்துல நிக்கல்சன்னு ஒரு அதிகாரி ஜெர்மனி வரைக்கும் போயி அங்க ரைஃபைசன் ஆரம்பிச்ச கிராமச் சங்கமெல்லாம் எப்படி நடக்குதுன்னு பாத்து பெரிய அறிக்கை குடுத்தாரு. சாராம்சம் என்னன்னா, கடன் குடுக்குறவனுக்கு வாங்குறவன தெரிஞ்சிருக்கணும், எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பொறுப்பு. இப்ப உங்க குழு பண்றதும் அதேதான், பேருதான் வேற.

எங்ககிட்ட பயிர்க்கடன் தவணைக்குள்ள கட்டுனா வட்டியே கிடையாது, மாடு வளர்க்குறவங்களுக்கு கால்நடை பராமரிப்புக் கடனும் உண்டு. அதனால ஏற்கனவே மாடு வச்சிருக்கறவங்க தீவனம், பராமரிப்புக்கு குழுக்காசுல கை வைக்க வேண்டியதே இல்ல, சொசைட்டில அவங்க தனியா வாங்கிக்கலாம். குழுக்கடன செக்குக்கு விடுங்க.

ஆனா எங்க பக்கத்து சீக்கையும் சொல்லணும். 2006ல தள்ளுபடி, 2016ல சிறு குறு விவசாயிக்கு தள்ளுபடி, 2021ல 12,110 கோடி பயிர்க்கடன் தள்ளுபடி, அதே வருசம் கூட்டுறவுல வாங்குன மகளிர் குழுக்கடனும் தள்ளுபடி. கஷ்டப்பட்டவனுக்கு அது உசுரு மாதிரி, நான் இல்லைங்கல. ஆனா கடைசி நாள் வரைக்கும் கரெக்டா கட்டுன ஆளு சங்கத்துக்கு வந்து என் மூஞ்சிய பாத்து கேட்டான், "நான் மட்டும் கேனயனா சார்"னு. பதில் சொல்ல முடியல. அதுக்கப்பறம் எலெக்சன் வருதுன்னாலே வசூல் நின்னுரும். அரசாங்கம் அந்தப் பணத்த சங்கத்துக்கு பிரிச்சு பிரிச்சு வருசக்கணக்குல குடுக்கும், அது வரைக்கும் புதுசா கேக்குறவனுக்கு நாங்க கைய விரிக்கணும். இப்ப நெறைய சங்கம் நகைக்கடன வச்சுத்தான் ஓடுது, அது ஊர் வளர்ச்சிக்கு குடுக்குற கடன்னு நான் சொல்லமாட்டேன்.

உங்க குழுவுல யாராச்சும் "தள்ளுபடி வரும், கட்டாத"ன்னு ஆரம்பிச்சா அன்னைக்கே அடக்குங்க.

செக்கு_மணி:

சகோ நான் காங்கேயம் பக்கம் செக்கு வச்சிருக்கேன், எல்லாரும் வட்டிய பத்தி பேசுறாங்க, நான் கொப்பரைய பத்தி பேசுறேன். செக்கு மோட்டர் செட்டு ரெண்டு மூணு லட்சத்துக்குள்ள முடிஞ்சுரும், அதுக்கு எவனும் கடன் குடுப்பான். சிக்குறது எங்கன்னா கொப்பரை வாங்கி அடுக்குறதுல. 2025ல கொப்பரை கிலோ 200ஐ தாண்டி ஏறுச்சே, அப்ப எங்க பக்கம் எத்தன சின்னச் செக்கு மாசக்கணக்குல பூட்டி கெடந்துச்சு தெரியுமா, மெசினு இருக்கு, போட கொப்பரை வாங்க காசு இல்ல. ஒரு கிலோ கொப்பரை ஆட்டுனா அரைக் கிலோவும் கொஞ்சமும் எண்ணெய் வரும், மீதி புண்ணாக்கு, அப்ப எண்ணெய் என்ன விலைக்கு வித்தாகணும்னு நீங்களே போட்டுப் பாருங்க, அந்த விலைக்கு உங்க ஊர்ல வாங்குவாங்களா, பாக்கெட் எண்ணெய் குடிச்ச நாக்கு மாறுமா.

அதனால நாலரை லட்சத்துல மெசினுக்கு பாதிக்கு மேல போட்றாதீங்க. இன்னொன்னு, மொத ஆறு மாசம் கூலிக்கு ஆட்டிக் குடுங்க, தோப்புக்காரன் கொப்பரைய அவனே கொண்டாந்து அவனே எண்ணெய எடுத்துட்டுப் போவட்டும், கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி, புண்ணாக்க நீங்க வெலைக்கு எடுத்து மாட்டுக்காரங்களுக்கு வித்துருங்க. காசு மொடங்காது. மழைக்காலத்துல கொப்பரை காயாம பூஞ்சை புடிச்சா எண்ணெய் காறும், அதனால சோலார் டிரையர் கூடாரம் ஒன்னு பாருங்க, பொள்ளாச்சி பக்கமெல்லாம் போட்டிருக்காங்க.

உணவு பதப்படுத்துற சின்னத் தொழிலுக்கு பி.எம்.எஃப்.எம்.இ.ன்னு மத்திய அரசு திட்டம் இருக்கு, மெசின் செலவுல 35% மானியம், குழு உறுப்பினருக்கு 40,000 வரைக்கும் விதை மூலதனம் (தொழில் தொடங்க, சரக்கு வாங்க குடுக்குற காசு) தனியா. அந்த 40,000 கூட்டமைப்பு வழியா வரும், கொப்பரை வாங்க அதுதான் சரியான காசு. இப்பவும் குடுக்குறாங்களான்னு மாவட்டத் தொழில் மையத்துல போயி கேளுங்க. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) பதிவு இல்லாம பாட்டில்ல அடைச்சு விக்காதீங்க.

ஊக்குநர்_பேராவூரணி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேரு எழுதுவீங்கன்னு நெனைக்கல. @செக்கு_மணி அண்ணே கூலிக்கு ஆட்டுறது எங்களுக்கு தோணவே இல்ல, நாங்க பாட்டில் லேபிளு பேரு வரைக்கும் போயிட்டோம் 😅 பேருக்கே ஒரு கூட்டம் பூரா சண்ட.

ஒரு சந்தேகம். மாடு கேக்குறவங்க "உங்க செக்குக்கு நாங்க எதுக்கு ஜவாப்தாரி, நாளைக்கு ஓடலன்னா எங்க தலையிலயும்தான விழும்"ங்கறாங்க. அது ஞாயம்தானே? அப்பறம் அந்த ஃபைனான்ஸ்காரங்க ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் வந்து அந்த மூணு பேரு வீட்டு வாசல்ல உக்காருறாங்க, இத யாருகிட்ட சொல்றது?

மதுரைக்காரி:

இந்த ரெண்டாவது கேள்விய மொதல்ல முடிச்சுருவோம். நுண்கடன் வசூலுக்கு காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயந்தரம் 6 மணிக்கு மேலயும் வரக்கூடாது, மிரட்டக்கூடாது, ரிசர்வ் பேங்க் விதியே அப்படித்தான். 2022லேருந்து இன்னொரு விதியும் இருக்கு, ஒரு குடும்பத்தோட மொத்தக் கடன் தவணை மாச வருமானத்துல பாதிய தாண்டக்கூடாது, தாண்டுற மாதிரி கடன் குடுத்திருந்தா அது குடுத்தவங்க தப்பு. அந்தக் கடன் அட்டையில புகார் நம்பர் இருக்கும், எழுத்துல அனுப்புங்க, பதில் வரலன்னா ரிசர்வ் பேங்க் குறைதீர்ப்பாளர். அடாவடி வசூலுக்கு எதிரா தமிழ்நாடு சட்டசபையிலயும் 2025 ஏப்ரல்ல மசோதா நிறைவேத்துனாங்க. குழுவா நாலு பேரு கூட நின்னாலே பாதி அடங்கிரும்.

இப்ப மாட்டுக்காரங்க கேள்வி. ஞாயம்தான், அதுலயும் நூத்துக்கு நூறு ஞாயம். நான் மதுரைல களஞ்சியம்ங்கற மகளிர் சேமிப்புக் குழுக்கள்ல ரொம்ப நாள் வேலை பாத்தவ. புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவ எல்லாருக்கும் தெரியும், வாஜ்பாய் அவங்க கால்ல விழுந்த ஃபோட்டோ, அப்பறம் 2019ல பத்மஸ்ரீ. ஆனா அவங்க ஆரம்பத்துல பண்ணது பெரிய தொழில் எல்லாம் இல்ல, கூலி வேலைக்கு போற பொம்பளைங்க ஒன்னா சேந்து கூலி பேசுறது, ஒன்னா சேந்து சேமிக்கிறது, கந்துவட்டிக்காரன் வாசலுக்கு போறத நிறுத்துறது. அங்க நான் பாத்த வரைக்கும் குழு நின்னது சொந்தச் சேமிப்பு சுத்துன எடத்துலதான். வெளிக்காசு ரொம்ப சீக்கிரம் ரொம்ப அதிகமா வந்த எடத்துல குழு லோன் வாங்குற கியூவா மாறிருச்சு, லோன் முடிஞ்சா கூட்டமும் முடிஞ்சுது.

1992ல நபார்டு (விவசாய, கிராம வளர்ச்சிக்கான தேசிய வங்கி) 500 குழுவ வச்சு பேங்க் இணைப்ப ஆரம்பிச்சப்ப ஐடியா என்ன, கூட்டம் சேமிப்பு உள்கடன் எல்லாம் ஒழுங்கா நடக்குற குழுவுக்கு பேங்க் அதுக்கு மேல கொஞ்சம் சேத்துக் குடுக்கும். இப்ப தலைகீழா, டார்கெட்டுக்கு மேனேஜரே கூப்புடுறாரு. கூப்புட்டாருன்னு 6 லட்சமும் வாங்கணும்னு இல்ல தோழி. 4 லட்சம் போதும்னா 4 லட்சம் வாங்குங்க, வட்டி 5 லட்சத்துக்குள்ள அடுக்குலயே நிக்கும், அந்த 75% கணக்கும் வராது, 2 லட்சத்துக்கு மேல 4 லட்சம் வரைக்கும் பாதிக்காசு தொழிலுக்கு போனா போதும்.

செக்க குழுப்பேர்ல வைக்காதீங்க. வேணும்ங்கற ஆறு பேரு குழுக்கிட்ட தனித்தனியா கடன் வாங்குன மாதிரி ஆளுக்கு இவ்வளவுன்னு எழுதி, அவங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம் போட்டு தனிக் கணக்கு தொறந்து நடத்தட்டும். பேங்க்குக்கு 12 பேரும் பொறுப்புதான், அத மாத்த முடியாது, ஆனா செக்கு நட்டம்னா அந்த ஆறு பேரு சேமிப்புலேருந்து மொதல்ல எடுக்கணும்னு தீர்மானத்துல இருக்கட்டும். மாட்டுக்காரங்களுக்கும் அதே விதி. மாட்டுக்கு இன்சூரன்ஸ், காதுல தோடு போட்ட நம்பர் தீர்மான நோட்டுல. எங்க பக்கம் ஒரே மாட்ட மூணு குழுவுல காட்டுன கதையெல்லாம் உண்டு.

ஓய்வு_செயலாளர்:

மதுரைக்காரி அம்மா சொல்றது சரி. மாட்டுக்காரங்க பாலை ஆவின் சங்கத்துல ஊத்துறாங்களான்னு பாருங்க, 2023 டிசம்பர்ல லிட்டருக்கு 35ம் ஊக்கத்தொகை 3ம்னு வச்சாங்க, கொழுப்பு சத்து பாத்து. தனியார் வண்டில கூட ரெண்டு ரூபா குடுப்பான், சீசன்ல வேண்டாம்னும் சொல்லிருவான். பால் காசு நேரா பேங்க்ல ஏறுறதால தவணை தவறாது, அந்த வகைல மாட்டுக்கடன் செக்க விட வசூலுக்கு லேசு. இத ஒத்துக்கணும்.

புதுசா_வந்தவன்:

ஒரு கேள்வி, இதுல வீட்டுக்காரங்க பங்கு என்ன? எங்க ஊர்ல அம்மா பேர்ல குழு லோன், பைக் அப்பா பேர்ல. எல்லா ஊர்லயும் இதுதானா?

கணக்கு_அக்கா:

@புதுசா_வந்தவன் தம்பி எல்லா ஊர்லயும் இதுதான் 😂 அதுக்குத்தான் காச கையில குடுக்காம செக்கு கம்பெனிக்கும் மாடு வித்தவருக்கும் நேரா கணக்குல அனுப்பச் சொல்றது. பில்லு வராம அடுத்த ரூபாய் கிடையாதுன்னு எங்க கூட்டமைப்புல வச்சிருக்கோம், வீட்டுக்காரங்க கோவப்படுறாங்க, படட்டும்.

ஊக்குநர்_பேராவூரணி:

நேத்து கூட்டம் போட்டோம். ரொம்ப நேரம் ஓடுச்சு, ஒருத்தங்க பாதில எந்திரிச்சுப் போயி திரும்ப வந்தாங்க. இப்போதைக்கு 4 லட்சம்னு முடிவு. மூணு பேரு ஃபைனான்ஸ் கடன் மொதல்ல அடைக்கிறது, ரெண்டு பேருக்கு மாடு, மீதி செக்குக்கு, கூலிக்கு ஆட்டுறதுலேருந்து ஆரம்பம். செக்குல இப்ப ஆறு இல்ல அஞ்சு பேருதான், ஒருத்தங்க விலகிட்டாங்க. கொப்பரைக்கு விதை மூலதனம் கேக்க திங்கக்கெழம தொழில் மையம் போறோம்.

@செக்கு_மணி அண்ணே, ஒத்த ஃபேஸ் கரண்டுல ஓடுற செக்கு இருக்காமே, எங்க எடத்துல த்ரீ ஃபேஸ் இழுக்க கம்பத்துக்கே தனியா காசு கேக்குறாங்க. கூலிக்கு ஆட்ட அது தாங்குமா, எத்தன கிலோ போடலாம் ஒரு தடவைக்கு?

செக்கு_மணி:

தாங்கும் சகோ, ஆனா சின்ன உரல்தான், ஒரு ஆட்டத்துக்கு பத்துப் பதினஞ்சு கிலோவுக்கு மேல போடாதீங்க, வோல்டேஜ் எறங்குற நேரத்துல மோட்டர் சூடாவும், ஸ்டெபிலைசர் கட்டாயம். வாங்குறதுக்கு முன்னாடி கடைக்காரன்கிட்ட உங்க ஊரு கொப்பரைய கொண்டுபோயி அவன் எடத்துலயே ஆட்டச் சொல்லி எடை போட்டுப் பாருங்க. கொட்டேசன் வந்ததும் இங்க போடுங்க பாத்து சொல்றேன்.